போலியின் இலக்கணம்

முதலாண்டு மாணவர்களுக்கு நன்னூல் எழுத்ததிகாரம் நடத்தும்போது ‘போலி’ என்ற சொல் வந்ததும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அவர்கள் அறிந்த போலிகள் வேறு: போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிச் சாமியார். இலக்கணம் கூறும் போலியில் வஞ்சகம் ஏதுமில்லை. ஒரு சொல்லில் ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் பிறிதோர் எழுத்து வந்து நின்று, பொருள் மட்டும் மாறாதிருக்குமானால் அது போலி. மயல் என்பது மையல் ஆகலாம். பந்தல் என்பது பந்தர் ஆகலாம். ஐந்து என்பது அஞ்சு ஆகலாம். பந்தலின் கீழ் நிற்பவனுக்கும் பந்தரின் கீழ் நிற்பவனுக்கும் கிடைக்கும் நிழல் ஒன்றே.

சென்ற பருவத்தில் இந்தப் பாடம் முடிந்த ஒரு நாளில், குறிப்பேட்டில் கையெழுத்து வாங்க மேசையோரம் நின்றிருந்த மாணவன் ஒருவனின் சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒன்று விழுந்து உருண்டது. வரிகளுக்கு வண்ணம் பூசும் பேனா என்று நினைத்து நான்தான் குனிந்து எடுத்தேன். மாம்பழ மிட்டாயின் வாசனை அடித்தது. அவன் முகம் வெளிறிவிட்டது. ஏதேதோ சொல்லித் தடுமாறியவன் கடைசியில் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னது இது: “ஐயா, இது டூப்ளிகேட் இல்லைங்கய்யா. அட்டையில நம்பர் இருந்துச்சு. சுரண்டி போன்ல போட்டுப் பாத்துட்டேன். ஒரிஜினல்னு வந்துச்சு.”

கருவி என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அவன் அடுத்த வகுப்புக்குப் போனான். அந்த வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அவன் அசட்டையாக இருந்துவிடவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் பொருளைச் சோதித்திருக்கிறான். சோதனையில் அது தேறியும் இருக்கிறது. அந்தச் சோதனை எதைத்தான் சோதித்தது என்ற கேள்வியோடு கோடை விடுமுறையில் இது குறித்துப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவமும் வேதியியலும் என் துறைகள் அல்ல. தமிழ் முதுகலை படித்துவிட்டுப் பாடம் சொல்பவன். ஆனால் படிக்கப் படிக்க, இது மிகப் பழைய கதையொன்றின் புதிய பாடபேதம் என்று தெரிந்தது. பாடபேதங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில்தானே.

*

அரசாணைகள் மின்னணு சிகரெட் என்றும் இளைஞர்கள் வேப் என்றும் அழைக்கும் இக்கருவியின் இன்றைய வடிவத்தை 2003-இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தியலாளர். அவரும் புகைப்பழக்கம் உள்ளவரே. அமைப்பு மிக எளியது. மின்கலம் ஒன்று, சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று, திரவம் நிறைந்த குப்பி ஒன்று. உறிஞ்சும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்கும். நிக்கோட்டின் வகையில் அத்திரவம் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், சுவையூட்டிகள் ஆகியவற்றின் கலவை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமான பின்னர், கஞ்சாவின் போதைக்கூறாகிய டி.எச்.சி. அடங்கிய எண்ணெயை நிரப்பிய குப்பிகளும் அங்கே கடைகளுக்கு வந்தன.

இந்த எளிமைதான் போலி செய்பவனுக்கு வாய்த்த வசதி. கள்ள சிகரெட் செய்ய இலை வேண்டும், தாள் வேண்டும், சுருட்டும் இயந்திரம் வேண்டும். கள்ளக் குப்பி செய்யக் காலிக் குப்பிகளும் ஒரு ஊசிக்குழலும் போதும். காலிக் குப்பிகளும், அவற்றை வைக்கும் பளபளப்பான அட்டைப்பெட்டிகளும் இணையத்தில் மொத்த விலைக்குக் கிடைத்தன. பெட்டியை அச்சிட்டவர் ஒருவர், எண்ணெயை நிரப்பியவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

*

2019 ஜூலை மாதக் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒரு செய்தியை வெளியிட்டது. நுரையீரல் கடுமையாகப் பழுதுபட்ட நிலையில் பதின்வயதினர் எட்டுப் பேர் அங்கே சேர்க்கப்பட்டிருந்தனர். மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், வாந்தி, எடையிழப்பு. முதலில் நிமோனியா என்றே கருதப்பட்டது. கிருமி எதுவும் அகப்படவில்லை. கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு நோய் மசியவில்லை. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: வேப் பிடித்திருந்தார்கள். அண்டை மாநிலமான இல்லினாயில் இதே போன்ற நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். ஆகஸ்டு 23 அன்று முதல் மரணம் அங்கே அறிவிக்கப்பட்டது.

செப்டம்பரில் நோய் உச்சத்தைத் தொட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 பிப்ரவரி 18 வரை திரட்டிய கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். அவர்களுள் இறப்பு உறுதிசெய்யப்பட்டவர் 68 பேர். நோயுற்றவர்களின் இடைநிலை வயது 24. ஏறத்தாழ ஏழில் ஒருவர் பதினெட்டு நிரம்பாதவர். பயன்படுத்திய பொருள் பற்றிய தகவல் கிடைத்தவர்களுள் 82 விழுக்காட்டினர் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். நிக்கோட்டின் வகை மட்டுமே என்று சொன்னவர்கள் 14 விழுக்காடு. குப்பியை எங்கே வாங்கினாய் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தந்த விடை உரிமம் பெற்ற கடை அன்று. நண்பன், நண்பனின் நண்பன், இணையத்தில் அறிமுகமான விற்பனையாளன்.

எந்த நிறுவனத்தின் பொருள் என்று கேட்டபோது அதிகமாக வந்த பெயர் ‘டாங்க் வேப்ஸ்’. அப்பெயர் கொண்ட நிறுவனத்தை அதிகாரிகள் தேடினார்கள். அப்படி ஒரு நிறுவனமே இல்லை. இருந்தது பெட்டி மட்டும். யார் வேண்டுமானாலும் வாங்கி, எதை வேண்டுமானாலும் நிரப்பி விற்கக்கூடிய வண்ணப்பெட்டி. போலி என்றால் அசல் ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இங்கே அசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் இணைய உரையாடல்களில் இளைஞர்கள் அசல் டாங்கையும் போலி டாங்கையும் வேறுபடுத்தும் வழிகளைப் பற்றி மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தனர். இல்லாத மூலநூலுக்குச் சுத்தப்பதிப்பு தேடிய கதை.

அதே செப்டம்பரில் விஸ்கான்சினின் கெனோஷா வட்டத்தில் குடியிருப்பு வீடொன்றில் காவல்துறை நுழைந்தது. நிரப்பப்பட்ட குப்பிகள் ஏறத்தாழ 31,000. நிரப்பக் காத்திருந்தவை ஏறத்தாழ 98,000. ஜாடி ஜாடியாகக் கஞ்சா எண்ணெய், கட்டுக்கட்டாகப் பெட்டிகள். கூலிக்கு ஆள் வைத்து ஊசிக்குழலால் நிரப்பியிருக்கிறார்கள். இதை நடத்தியவர்களும் இளைஞர்களே.

*

நோய்க்குக் காரணம் எது என்பது செப்டம்பர் 5 அன்று ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகம், நோயுற்றவர்களிடமிருந்து பெற்ற கஞ்சாக் குப்பிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருள் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தது. நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அதே பொருள் இருக்கிறதா என்று பிறகு தேடினார்கள். 51 நோயாளிகளில் 48 பேரிடம் இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட நலமுள்ள 99 பேரில் ஒருவரிடமும் இல்லை.

வைட்டமின் ஈ அசிடேட் நஞ்சு என்று பெயர்பெற்ற பொருளன்று. நம் வீட்டு முகப்பூச்சுக் களிம்பில் இருக்கிறது. சத்து மாத்திரைகளில் இருக்கிறது. தோலில் தடவலாம், விழுங்கலாம். ஆனால் நுரையீரலின் சிற்றறைகளுக்குள் மென்படலமாகப் படிந்து, அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் இயற்கையான நீர்மம் ஒன்று உண்டு. இந்த எண்ணெய் ஆவியாகி உள்ளே போய் அப்படலத்தின் அமைப்பைக் குலைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. சூடாகும்போது இதிலிருந்து கீட்டீன் என்ற நச்சு வாயு உண்டாகக்கூடும் என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. வாய்க்கு ஒவ்வுவது மூச்சுக்கும் ஒவ்வும் என்று எந்த நியதியும் இல்லை.

இதை ஏன் கலந்தார்கள்? நான் படித்தவற்றுள் என்னை நிறுத்திவைத்தது இக்கேள்விக்கான விடைதான்.

நம் ஊரில் தேன் விற்பவர் புட்டியைக் கவிழ்த்துக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி சோம்பலாக, நின்று நின்று மேலே ஏறும். “பாருங்க சார், சுத்தமான மலைத்தேன்.” நாமும் தலையாட்டுவோம். கெட்டியாக இருந்தால் கலப்படமில்லை என்பது நம் கணக்கு; ஏனெனில் நாம் அஞ்சும் கலப்படம் தண்ணீர். வெல்லப்பாகில் குமிழி இன்னும் சோம்பலாக ஏறும் என்பதை அந்நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

அமெரிக்கக் கள்ளச்சந்தையில் கஞ்சா எண்ணெய் வாங்கியவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். குமிழி விரைந்து ஏறினால் மெலிந்த எண்ணெய், ஏதோ நீர்மம் கலந்திருக்கிறான் என்று ஒதுக்குவார்கள். மெதுவாக ஏறினால் நல்ல சரக்கு. இதற்குக் குமிழிச் சோதனை என்றே பெயர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், படமெடுத்துப் போட்டார்கள். கலப்படக்காரனும் அவற்றைப் பார்த்தான். டி.எச்.சி. எண்ணெய் விலை உயர்ந்தது. அதைப் பெருக்கவும் வேண்டும், குமிழியும் மெதுவாக ஏற வேண்டும். நிறமும் மணமும் இல்லாத, விலை மலிந்த, எண்ணெயைப் போன்றே பிசுபிசுப்பான பொருள் ஒன்று தேவைப்பட்டது. 2018-இன் பிற்பகுதியிலிருந்து வைட்டமின் ஈ அசிடேட் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் காவல்துறை கைப்பற்றி வைத்திருந்த குப்பிகளைப் பின்னர் சோதித்தபோது இது தெளிவாயிற்று. 2018-இல் பிடிபட்ட பத்தில் ஒன்றிலும் இப்பொருள் இல்லை. 2019 செப்டம்பரில் பிடிபட்டவற்றுள் சோதித்த இருபதிலும் இருந்தது.

அதாவது, போலியை இனங்காண்பதற்காக நுகர்வோர் வைத்திருந்த சோதனைதான் நஞ்சைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. சோதித்துப் பார்த்து வாங்கியவன் கெட்டியான எண்ணெயைத் தேடி எடுத்தான். அதாவது, நஞ்சு மிகுதியாக இருந்ததை. சோதிக்கத் தெரியாமல் மெலிந்த சரக்கை வாங்கியவனுக்கு அந்த அளவில் ஆபத்து குறைவு.

*

பாடபேதம் என்று சொன்னேன். மூலபாடம் தொண்ணூறு ஆண்டுகள் பழையது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அக்காலத்தில் ஏழைகளுக்குக் கிடைத்த சட்டபூர்வமான போதை ஒன்று மருந்துக்கடையில் இருந்தது. ஜமைக்கா இஞ்சிச் சாறு, செல்லப்பெயர் ‘ஜேக்’. வயிற்றுவலிக்கான பழைய மருந்து. அதில் முக்கால் பங்குக்கு மேல் சாராயம். உள்ளங்கையில் அடங்கும் புட்டி, சில்லறைக் காசு. இது குடிக்கப்படுவதைத் தடுக்க அரசு ஓர் உபாயம் செய்தது. குடிக்க முடியாத அளவுக்குக் காரமாக இருக்கும்படி, இஞ்சியின் திடக்கூறு இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதித்தது. விதி நடக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் வருவார்கள். ஒரு புட்டியை எடுத்துக் கொதிக்கவிட்டு, சாராயம் ஆவியான பின் அடியில் எஞ்சுவதை எடை போடுவார்கள். எடை சரியாக இருந்தால் சரக்கு தேறிவிட்டது.

எஞ்சுவது என்ன என்று அவர்கள் பார்க்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். எனவே இஞ்சியைக் குறைத்துவிட்டு வெல்லப்பாகு, ஆமணக்கெண்ணெய் என்று ஆவியாகாத ஏதேனும் ஒன்றைச் சேர்த்து எடையை ஈடுகட்டினார்கள் உற்பத்தியாளர்கள். காரமும் குறைந்தது, குடிப்பவருக்கும் மகிழ்ச்சி. பாஸ்டன் நகரில் ஹாரி கிராஸ், மேக்ஸ் ரைஸ்மன் என்ற இருவர் இதே தொழிலில் இருந்தனர். ஆமணக்கெண்ணெய் விலை ஏறியதும் கிராஸ் வேறு பொருள் தேடினார். சுவை இருக்கக்கூடாது, மணம் இருக்கக்கூடாது, சாராயத்தில் கரைய வேண்டும், கொதிக்கவிட்டால் ஆவியாகக்கூடாது. சிலவற்றை முயன்று, அவை ஆவியாகிவிடுகின்றன என்று கைவிட்டார். கடைசியில் மெருகெண்ணெய்த் தொழிலில் பயன்படும் டிரைகிரெசைல் பாஸ்பேட் அகப்பட்டது. நஞ்சா என்று விற்றவரிடம் விசாரித்தும் இருக்கிறார். இல்லை என்ற பதில் கிடைத்ததாம். தேர்வுக் கேள்வியை முன்கூட்டியே அறிந்த மாணவன் அதற்கு மட்டும் விடை தயாரிப்பதைப் போல, ஆய்வாளரின் அடுப்புக்கும் தராசுக்கும் விடையாக அப்பொருள் பொறுக்கி எடுக்கப்பட்டது.

1930-இன் தொடக்கத்தில் ஓக்லஹோமா நகரில் ஆண்கள் வரிசையாக மருத்துவர்களிடம் வந்தனர். கெண்டைக்கால் வலி, சில நாட்களில் பாதம் தொங்கிவிடும், காலை உயரத் தூக்கி, முன்பாதம் தரையில் அறைய நடக்க வேண்டும். தென்மாநிலங்கள் எங்கும் பரவிய இந்நடைக்கு ‘ஜேக் நடை’ என்று பெயர் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையே என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் ஏழைகள், ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்கள். நல்ல மது வாங்க வக்கிருந்தவர்கள் யாருக்கும் கால் போகவில்லை. அரசின் சுகாதார ஆய்வகத்தைச் சேர்ந்த மாரிஸ் ஸ்மித்தும் இலையாஸ் எல்வோவும் அவ்வாண்டிலேயே நஞ்சு எது என்று கண்டுபிடித்தனர். கிராஸும் ரைஸ்மனும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். முதலில் கிடைத்ததென்னவோ அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும்தான். வரலாற்று நூல்கள் எழுதப்படுமுன்னே இந்நோயைப் பதிவு செய்தவர்கள் பாடகர்கள். 1930-களில் கறுப்பினப் பாடகர்களும் வெள்ளைக் கிராமியப் பாடகர்களும் ஜேக் நடையைப் பற்றி இசைத்தட்டுகளில் பாடியிருக்கிறார்கள். நம்மூரில் வெள்ளத்துக்கும் கொள்ளைநோய்க்கும் சிந்து பாடி அச்சிட்டு விற்றவர்களின் நினைவு வந்தது.

இதே நஞ்சு பின்னரும் பயணம் செய்தது. 1959-இல் மொரோக்கோவில், அமெரிக்க விமானத்தளத்திலிருந்து கழித்து விற்கப்பட்ட எந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயில் கலந்து விற்றதில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேருக்குக் கால்கள் செயலிழந்தன. அடுத்து நான் படித்த குறிப்பு எதிர்பாராதது. 1977-78-இல் இலங்கையில் இளஞ்சிறுமியர் சுமார் இருபது பேருக்குக் கைகால் நரம்புகள் தளர்ந்தன. எல்லோரும் தமிழ்ச் சிறுமியர், பூப்பெய்தியவர்கள். காரணம் தேடிய மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் நல்லெண்ணெயில் போய் நின்றனர். பூப்பெய்திய பெண்ணுக்கு உடம்பு தேறட்டும் என்று நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் இல்லாத பூப்புநீராட்டு உண்டா? அந்த எண்ணெயில் டிரைகிரெசைல் பாஸ்பேட் கலந்திருந்தது. முன்பு வேறு எண்ணெய் ஏற்றிய கலங்களில் கொண்டுவரப்பட்டதால் நேர்ந்த கலப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இதில் வேண்டுமென்றே செய்த வஞ்சகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் அந்த எண்ணெயை முகர்ந்து பார்த்திருப்பார்கள். நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார்கள். மணமும் சுவையும் இல்லாத ஒன்றை மூக்கும் நாக்கும் எப்படிக் கண்டுபிடிக்கும்? 1981-இல் லான்செட் இதழில் வெளியான அச்சிறு கட்டுரையைப் பற்றிய குறிப்பைப் படித்த அன்று வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

*

சங்கப் புலவர் வரிசையில் வண்ணக்கன் என்ற அடைமொழி பெற்றோர் சிலர் உண்டு. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் போல. காசை நோட்டம் பார்ப்பவர் வண்ணக்கர் என்பர் உரைகாரர். பொன்னைக் கட்டளைக்கல்லில் உரைத்து, எழும் கோட்டின் நிறத்தை, மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவது அத்தொழிலின் அடிப்படை. அன்றைய சந்தை வண்ணக்கனை நம்பியது. தன் கண்ணை மட்டும் நம்பவில்லை. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் நாம் இருபொருள் கொண்டிருப்பதற்கு இப்படியொரு பின்புலம் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். சொல்லாராய்ச்சியில் ஆசைக்கு அளவில்லை. இதை நிறுவ என்னிடம் சான்று கிடையாது.

வண்ணக்கனின் கல்லுக்கும் குமிழிச் சோதனைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. கல் பொன்னைப் பற்றிய கேள்வியைப் பொன்னிடமே கேட்கிறது. குமிழியோ எண்ணெய் எது என்று கேட்காமல், எண்ணெய் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறது. ஜேக் ஆய்வாளரின் தராசும் அவ்வகையே. 2008-இல் சீனாவில் பால்மாவுக்கு நேர்ந்ததும் அதுவே. பாலின் புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிட்டார்கள். நைட்ரஜன் மிகுந்த மெலமினைக் கலந்து தண்ணீர்ப்பாலைத் தேறவைத்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது.

இதை மனத்தில் கொண்டு, போலி வேப்பை இனங்காண்பது எப்படி என்று சொல்லப்படும் குறிப்புகளைப் பார்த்தேன். பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, அச்சு மங்கியிருக்கிறதா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உண்டா, நிக்கோட்டின் எச்சரிக்கை உண்டா, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா, முத்திரை உடைந்திருக்கிறதா, திரவம் கசிகிறதா, உறிஞ்சினால் கருகல் வாடை வருகிறதா. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். இவற்றில் ஒன்றில் தோற்கும் பொருளைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் எல்லாவற்றிலும் தேறிய பொருள் நல்லது என்று ஆகாது. இவை அனைத்தும் பெட்டியைப் பற்றிய கேள்விகள். பெட்டியை அச்சிடுவது திரவம் தயாரிப்பதைக் காட்டிலும் எளிது. சுரண்டும் எண்ணும் சதுரக்கட்டக் குறியீடும் அப்படியே. அச்சிட்டவனே அக்குறியீடு எந்த இணையப்பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறான். கள்ளக் குப்பிகளின் பெட்டிகளில் ஆய்வகச் சான்றிதழ் என்ற பெயரில் போலிப் பக்கத்துக்கு இட்டுச்செல்லும் குறியீடுகள் இருந்தது 2019-இலேயே தெரிந்த செய்தி. எண்ணைச் சரிபார்க்க வேண்டுமானால் பெட்டி காட்டும் வழியில் போகாமல், தயாரித்த நிறுவனத்தின் முகவரியைத் தனியே தேடிப் போக வேண்டும். அப்போதும் சரிபார்க்கப்படுவது எண் மட்டுமே. ஒரே அசல் எண்ணை ஆயிரம் பெட்டிகளில் அச்சிடலாமே.

திரவத்திடமே கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு விடை இருக்கிறது. பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட வேப்களைப் பாத் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்தில் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டனர். 38 பள்ளிகள், 596 வேப்கள். ஏறத்தாழ ஆறில் ஒன்றில் ‘ஸ்பைஸ்’ எனப்படும் செயற்கைப் போதைப்பொருள் இருந்தது. மயக்கம், வலிப்பு, மாரடைப்பு வரை கொண்டுசெல்லக்கூடியது. கஞ்சா எண்ணெய் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். அதற்கு முந்தைய ஆண்டு பி.பி.சி. ஏற்பாட்டில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் பறிமுதல் வேப்களைச் சோதித்தபோது திரவத்தில் ஈயமும் நிக்கலும் குரோமியமும் மிகுந்திருந்தன. ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. மாம்பழ வாசனைக்குள் ஈயத்தை எந்தப் பிள்ளை முகர்ந்து அறியும்?

இங்கிலாந்தில் இன்ன அளவுக்குமேல் நிக்கோட்டின் கூடாது, குப்பி இத்தனை மில்லிலிட்டருக்கு மிகக்கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. விதி இருப்பதால் விதிமீறலை ஓரளவு கண்டுகொள்ளலாம். நம் நாட்டில் நிலைமை வேறு. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அவ்வாண்டு இறுதியில் முழுச் சட்டமான மின்னணு சிகரெட் தடைச்சட்டம், இவற்றைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது அனைத்தையும் தடைசெய்கிறது. முதல்முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐம்பதாயிரம் வரை அபராதமோ இரண்டுமோ. தடை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதன் ஒரு விளைவை மட்டும் குறிப்பிடுகிறேன். இங்கே உரிமம் பெற்ற தயாரிப்பாளர் இல்லை, உரிமம் பெற்ற கடை இல்லை, நோட்டம் பார்க்கும் வண்ணக்கனும் இல்லை. என் மாணவன் சொன்ன ‘ஒரிஜினல்’ என்ற சொல் இந்நாட்டில் எதைக் குறிக்கும்? வேறொரு நாட்டில் உண்மையிலேயே அந்நிறுவனம் தயாரித்த கருவியாக இருந்தாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான். பதினெட்டு வயது மூளையை அது பிடித்துக்கொள்ளும். அது தனிக்கதை.

*

பருவத்தேர்வுக்கு முந்தைய வாரம் அவன் துறைக்கு வந்தான். கருவியைக் கேட்க வந்தானோ என்று நினைத்தேன். இல்லை, அகமதிப்பீட்டு மதிப்பெண் பார்க்க வந்திருந்தான். உட்காரச் சொல்லி, குமிழியின் கதையையும் ஜேக்கின் கதையையும் சொன்னேன். இலங்கைச் சிறுமியரின் கதையையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டான். பிறகு, “அப்ப அந்த நம்பர் ஒரிஜினல்னு வந்தது எப்படிங்கய்யா?” என்றான். “தம்பி, அந்தப் பக்கத்தை யார் நடத்துறாங்கன்னு பாத்தியா?” என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று தலையசைத்தான்.

இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்துக் கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஊதா நிறப் பிளாஸ்டிக்; ஒளி புகவில்லை. குமிழி இருக்கிறதா, ஏறுகிறதா என்பதெல்லாம் தெரியவே இல்லை. சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் குப்பைக்கூடையில் போடக்கூடாது என்று இயற்பியல் துறை நண்பர் சொன்னார். மின்கழிவு எடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் கல்லூரிக்கு வருவாராம். அதுவரை அது என் இழுப்பறையில்தான் இருக்கும். விடைத்தாள்களில் மாம்பழ வாசனை ஏறிவிட்டது.